பத்தாம் நம்பர் வீட்டின் பத்துப் பைசா

அந்த நாற்காலி வேண்டாங்க அம்மிணி, கால் ஆடுது. இப்படி வந்து உட்காருங்க. மேனேஜரைப் பார்க்கத்தானே? அவரு உள்ளே இல்லீங்க. மீட்டிங்காம். நானும் பதினோரு மணியிலிருந்து உட்கார்ந்திருக்கறேன். இதோட மூணாவது நாள். முதல் நாள் ஆடிட்டுன்னாங்க. ரெண்டாம் நாள் சர்வர் படுத்துக்கிச்சுன்னாங்க. இன்னைக்கு மீட்டிங். நாளைக்கு வந்தா மேனேஜரே மாத்தலாயிட்டார்னு சொன்னாலும் சொல்லுவாங்க.

எனக்கு வேண்டியது ஒரே ஒரு லெட்டருங்க. லெட்டர்கூட இல்லை, ஒரு வரி. "எங்கள் வங்கி அனுப்பும் பைலை எக்செல்லுக்கு மாற்றும்போது தொகைகள் தவறாகத் தெரிய வாய்ப்புண்டு." அவ்வளவுதான். அவங்களுக்குச் சிரமமே வேண்டாம்னு நானே டைப் பண்ணி பிரிண்ட் எடுத்து வந்திருக்கறேன், பாருங்க. கீழே சீல் குத்திக் கையெழுத்துப் போட்டா முடிஞ்சது. ஞாயித்துக்கிழமை எங்க அபார்ட்மெண்ட் மீட்டிங். அதுக்குள்ள இது என் கையில இருக்கோணும்.

என்ர பேரு ரத்தினா. ஈபியில ரெவின்யூ செக்‌ஷன், இருபத்தெட்டு வருஷ சர்வீஸ். இந்த ஊர்ல பாதிப் பேருக்கு, கரண்ட் பில் கட்டலைன்னு பீஸ் புடுங்கச் சொல்லி எழுதினவளுங்க நான். ஒரு ரூபா கூட தப்பினதில்லை. ரிட்டையர் ஆகி வடவள்ளி வீட்டுக்கு வந்து ஒரு மாசம் கூட ஆகலை, "ஏனுங்க மேடம், நீங்கதான் ட்ரெஷரரா இருக்கோணும்"னு வந்து நின்னுட்டாங்க. பதினாறு வீடு. வீட்டுக்கு மாசம் ரெண்டாயிரத்து ஐந்நூறு மெயின்டனன்ஸ். சின்ன வேலைதானேன்னு ஒத்துக்கிட்டேன்.

சின்ன வேலையா? எல்லாரும் போன்லதான் பணம் அனுப்புறாங்க. இந்த பேங்க் ஸ்டேட்மெண்ட்ல பேரு வருமுன்னு நினைக்கறீங்களா? ஒரு முழ நீளத்துக்கு நம்பர் வரும். பக்கத்துல பேரு அரைகுறையா நிக்கும். நாலாம் நம்பர்காரர் பணம் அவரு மச்சினன் போன்லேருந்து வரும். ஆறாம் நம்பர் வாடகைக்காரப் பையன் பணம் அவன் கம்பெனி பேர்ல வரும். எது யாருதுன்னு எந்தச் சாமிக்குத் தெரியும்?

அப்பத்தான் நான் ஒரு ஐடியா கொண்டுவந்தேன். நானேதானுங்க, யாரும் சொல்லித் தரலை. அவங்கவங்க வீட்டு நம்பரையே பைசாவா சேர்த்து அனுப்புங்கன்னேன். ரெண்டாம் நம்பர் வீடா, ரெண்டாயிரத்து ஐந்நூறு ரூபா ரெண்டு பைசா. பதினாலாம் நம்பரா, பதினாலு பைசா. பேரே வேண்டாம், பைசாவைப் பார்த்தா வீடு தெரிஞ்சுபோகும். பக்கத்து அபார்ட்மெண்ட்காரங்க வந்து கேட்டுட்டுப் போனாங்கன்னா பாருங்க. ரெண்டு வருஷம் சும்மா ஜம்முனு ஓடுச்சு. பாஸ்புக்கை மிஷின்ல சொருகுவேன், அச்சடிச்சுத் தரும், அதைப் பார்த்து நோட்டுல எழுதிக்குவேன்.

போன வருஷம் மார்ச்சுல அந்த மிஷினைக் கழட்டிட்டாங்க. அதோ அந்தச் செடித்தொட்டி இருக்கற இடத்துலதான் இருந்துச்சு. இனிமே மெயில்ல பிடிஎஃப் வரும் மேடம்னாங்க. வந்துச்சு. திறந்தா பாஸ்வேர்டு. சங்கத்துப் பேர்ல முதல் நாலு எழுத்தாம், அப்புறம் சங்கம் பதிவு பண்ணின தேதியாம். சங்கம் பதிவு பண்ணின தேதி எனக்கு என்ர கல்யாணத் தேதி மாதிரி ஞாபகம் இருக்குமா? தேடிக் கண்டுபிடிச்சுத் திறந்தா, அதைக் கூட்ட முடியாது, பிரிக்க முடியாது, வெறும் படமாட்டமா நிக்குது. எக்செல்லா குடுங்கன்னு கேட்டேன். "சேவிங்ஸ் அக்கவுண்டுக்கு அந்த வசதி இல்லீங்க மேடம்." அது எப்படிங்க இல்லாம போகும்? அவங்க கம்ப்யூட்டர்ல கட்டம் கட்டமாத்தானே வச்சிருக்காங்க!

அப்புறம் ஒரு இலவச வெப்சைட்டுங்க. பிடிஎஃப்பை உள்ளே போட்டா எக்செல் வெளியே வரும்னு போட்டிருந்துச்சு. வந்துச்சுங்க, வராம இல்லை. முதல் தடவை தேதி, பேரு, தொகை அத்தனையும் ஒரே கட்டத்துக்குள்ள அடைச்சுக்கிட்டு வந்துச்சு. ரெண்டாம் தடவை ஏப்ரல் அஞ்சாம் தேதி போட்ட பணத்தை மே நாலாம் தேதின்னு காட்டுச்சு. அப்ப மே நாலாம் தேதியே பிறக்கலைங்க! ஒரு நீளமான நம்பர் இருந்தா நடுவுல இங்கிலீஷ் 'ஈ'ன்னு எழுத்துப் போட்டுக் கூட்டல் குறி போடுது. ஒரு ஆளோட விவரம் மூணு வரிசைக்கு ஒழுகிக் கிடக்குது. நாலு நாள் ஆகும் ஒரு மாசத்தைச் சரி பண்ண. கண்ணுல தண்ணி வடியும். ஆனா விடலையே. ஒவ்வொரு வரியா இழுத்து, வெட்டி, ஒட்டி, அஞ்சாம் தேதி ஆனா ஷீட் ரெடி. யாரு பாக்கி, யாரு கட்டியாச்சு, பச்சை சிவப்புன்னு கலர் எல்லாம் போட்டு வச்சிருப்பேன்.

அந்த ஷீட்டை எடுத்துப் பார்த்தா முதல் மாசத்துலேருந்தே பத்தாம் நம்பர் சிவப்பு.

பத்தாம் நம்பர் மரகதமணின்னு ஒரு பொண்ணுங்க. நர்ஸ். வீட்டுக்காரர் செல்வராஜ், மோட்டார் கம்பெனியில சூப்பர்வைசர். மெயின்டனன்ஸ் இந்தப் பொண்ணுதான் தன் சம்பளத்துலேருந்து கட்டும். மே மாசம் கூப்பிட்டுச் சொன்னேன், "ஏம்மா, ஏப்ரல் கட்டலையே." "கட்டிட்டேனே ரத்தினாம்மா"ன்னு போனைக் காட்டுச்சு. பச்சைக் கலர்ல டிக் போட்டிருந்துச்சு. நான் சொன்னேன், "உன்கிட்டேருந்து பணம் கிளம்பியிருக்குது, சரி. எங்க அக்கவுண்டுக்கு வந்து சேரலையே. நடுவுல எங்காச்சும் சிக்கியிருக்கும், உங்க பேங்க்ல கேளு." ஜூன்லயும் காட்டுச்சு. ஜூலையிலயும். ஒரு தடவை கண்ணு கலங்கிடுச்சு அந்தப் புள்ளைக்கு. "ரத்தினாம்மா, ஒரே ஒரு தடவை இந்தப் போனையும் உங்க ஷீட்டையும் பக்கத்துல பக்கத்துல வச்சுப் பாருங்க"ன்னுச்சு. இருபத்தெட்டு வருஷத்துல இப்படி எத்தனை பேரைப் பார்த்திருப்பேன்! கட்டிட்டேன், ரசீது தொலைஞ்சுபோச்சு, கவுண்டர்ல இருந்த ஆளு தப்பா எழுதிட்டாரு... போன்ல வர்ற படத்தை யாரு வேணா பண்ணலாம்னு பேப்பர்லயே போடறான். நான் பார்க்கலைங்க.

மூணு மாசம் பாக்கி வச்சா வீட்டு நம்பரையும் ஓனர் பேரையும் லிஃப்ட் பக்கத்துல இருக்கற போர்டுல எழுதோணும், அதைப் போட்டோ எடுத்து வாட்ஸ்அப் குரூப்புல போடோணும். அந்த ரூலைக் கொண்டுவந்ததே நான்தான். எழுதினேன். எட்டு மாசம் அங்கேயே இருந்துச்சு, "எண் 10, மரகதமணி"ன்னு. மாசம் ஒரு தடவை தொகையை மட்டும் அழிச்சு ஏத்தி எழுதுவேன். டியூட்டி முடிஞ்சு வரும்போது அந்தப் பொண்ணு லிஃப்ட்டுல ஏறாது, பின்னாடி மாடிப்படியில போகும். உடம்புக்கு நல்லதுன்னு நடக்குதுன்னு நான் நினைச்சுக்கிட்டேன்.

இந்த ஜனவரியில வீட்டை வித்துட்டு ஈரோட்டுக்குப் போறோம், பாக்கி இல்லைன்னு ஒரு சர்டிபிகேட் குடுங்கன்னு வந்துச்சு. பாக்கி இருக்கறப்ப நான் எப்படிக் குடுக்கறது? நீங்களே சொல்லுங்க. வாங்கறவங்க பிப்ரவரிக் கடைசி வரைக்கும்தான் டைம் குடுத்திருக்காங்கன்னுச்சு. சரி, கட்டிட்டு வாங்கிக்கன்னேன். பிப்ரவரியில ஒரு நாள் மத்தியானம் வந்து என் வீட்டு சோபாவுல உட்கார்ந்துச்சு. பதினோரு மாசத்துக்கு இருபத்தேழாயிரத்து ஐந்நூறு, லேட் பீஸ் மாசம் நூறு, ஆக இருபத்தெட்டாயிரத்து அறுநூறு. என் கண்ணு முன்னாடியே அனுப்புச்சு. கழுத்துல கிடந்த செயின் இல்லைங்கறதை அப்பவே கவனிச்சேன். கேக்கலை. நான் சர்டிபிகேட் குடுத்தேன். "தேங்க்ஸ்"னு வாங்கிட்டுப் போயிருச்சு. வீட்டை வித்துட்டு ஈரோடு போய்ச் சேர்ந்துட்டாங்க.

மார்ச் மாசம் பிப்ரவரி பைலை மாத்தினேன். நாலு நாள் மல்லுக்கட்டி ஷீட்டைச் சரி பண்ணினா, 28600.1 அப்படின்னு ஒரு வரி. புள்ளி ஒண்ணு. ஒண்ணுன்னா ஒண்ணாம் நம்பர் வீடு. ஒண்ணாம் நம்பர் எதுக்கு இருபத்தெட்டாயிரம் கட்டுது? அதுதான் ஒழுங்கா மாசாமாசம் 2500.1 கட்டிட்டு வருதே? என் கண்ணு முன்னாடி அனுப்பின மரகதமணி பணம் எங்கே?

உடனே பிடிஎஃப்பைத் திறந்து பார்த்தேன். அதுல பத்துப் பைசான்னு சுத்தமா இருக்குது. புள்ளிக்கு அப்புறம் ஒண்ணு, சைபர். இந்த எக்செல் இருக்குதே, அது கடைசியில இருக்கற சைபரைத் தின்னுருச்சுங்க! அதுக்கு மதிப்பில்லையாம். பத்துப் பைசாங்கறது புள்ளி ஒண்ணு ஆயிடுச்சு. ஒண்ணாம் நம்பர் கட்டினா புள்ளி சைபர் ஒண்ணுன்னு வரோணும், அது ஒரு மாசம் கூட வரலை. பதினாறு வீட்ல அந்த ஒரே ஒரு நம்பருக்குத்தான் இந்தக் கண்டம். ஒன்பதாம் நம்பருக்கு இல்லை, பதினொண்ணுக்கு இல்லை. பதினோரு மாசமும் பணம் டாண்ணு வந்திருக்குது. அந்தப் புள்ளை ஒரு மாசம் கூடத் தவறலை.

இது யாரு தப்பு? பேங்க் தப்புத்தானே? அவங்க எக்செல்லா குடுத்திருந்தா நான் ஏன் அந்த வெப்சைட்டுக்குப் போறேன்? இதைத்தான் முதல்ல போன்ல மேனேஜர்கிட்டச் சொன்னேன். அவரு எனக்கே பாடம் எடுக்கறாரு. "எங்க பைல்ல பத்துப் பைசான்னு தெளிவா இருக்குதுங்களே மேடம், நீங்க எதுல போட்டு மாத்தினீங்களோ அவங்களைக் கேளுங்க." யாரைக் கேக்கறது? அந்த வெப்சைட்டுல ஒரு வெள்ளைக்காரப் பொண்ணு லேப்டாப்பை வச்சுக்கிட்டுச் சிரிச்சிட்டு நிக்கறா. அவகிட்ட போய் நான் சண்டை போடட்டுமா?

பணமா? பணம் அன்னைக்கே அனுப்பிட்டேங்க, என்ர பென்ஷன் அக்கவுண்ட்லேருந்து, இருபத்தெட்டாயிரத்து அறுநூறும். போன் பண்ணி மன்னிச்சுக்கம்மான்னேன். மன்னிப்பெல்லாம் நான் லேசுல கேக்கற ஆளில்லை. நடந்ததை எல்லாம் அந்தப் பொண்ணு கேட்டுக்கிச்சு. அப்புறம் சொல்லுச்சு, "பணம் கிடக்கட்டுங்க ரத்தினாம்மா. அந்தக் காசை நான் எங்கம்மா வீட்டுக்கு அனுப்பிட்டேன்னுதான் இவரு இன்னைக்கு வரைக்கும் நினைக்கறாரு. போனைக் காட்டினேன். ஈபியில கணக்குப் பார்த்தவங்க தப்பாச் சொல்லுவாங்களான்னு என்னையே திருப்பிக் கேட்டாரு. நீங்க எழுதின அதே போர்டுல, யாரு கட்டினது யாரு கட்டலைங்கறதை எழுதுங்க. குரூப்புல போடுங்க. இவரு அந்தக் குரூப்புல இன்னும் இருக்காரு."

நியாயந்தானே? நான் இல்லைங்கலையே. எழுதத்தான் போறேன். அதுக்குத்தான் இந்த லெட்டர். பேங்க் பைல் கோளாறுன்னு சீலோட குரூப்புல போட்டா செல்வராஜுக்கும் புரியும், எல்லாருக்கும் புரியும். யாரு பேரும் கெடாது.

ஒண்ணாம் நம்பரா? ஒண்ணாம் நம்பர் யாருதா இருந்தா என்னங்க. அதுக்கும் இந்த லெட்டருக்கும் சம்பந்தமில்லை.

...என்ர வீடுதானுங்க. அதாவது என்ர பையன் வீடு. நந்தகோபன், நந்துன்னு கூப்பிடுவோம். அயர்லாந்துல இருக்கறான். அவன் பேர்லதான் பத்திரம். மெயின்டனன்ஸ் அவன்தான் கட்டறான், "நீ ஒண்ணும் பார்க்காதம்மா, தானாப் போயிரும்"னு அவன் அக்கவுண்ட்ல ஏற்பாடு பண்ணி வச்சிருந்தான். மாசாமாசம் ஷீட் முடிச்சதும் முதல் வேலையா அவனுக்கு மெசேஜ் போடுவேன். "உன் பணம் வந்திருச்சு சாமி. கரெக்டா இருக்குது. கவலைப்படாதே." உடனே ஒரு ஹார்ட் அனுப்புவான். ஊர்ல எத்தனை பசங்க அம்மாவைத் திரும்பிப் பார்க்காம கிடக்கறாங்க, என்ர பையன் ஒரு மாசம் தவறலை பாருங்கன்னு நான் மீட்டிங்லயே சொல்லியிருக்கறேன். மரகதமணியும் அந்த மீட்டிங்ல உட்கார்ந்திருந்துச்சு.

இது தெரிஞ்ச ஞாயித்துக்கிழமை மத்தியானம் அவனைக் கூப்பிட்டேன். "ஏண்டா சாமி, உன் பணம் ஏப்ரல்லேருந்தே வரலையாட்டம் இருக்குதே, அது நின்னுபோச்சா, பேங்க்ல கேளு"ன்னேன். அவன் சிரிக்கறான். "இப்ப எதுக்கும்மா அதைக் கேக்கறே? நீதானே கட்டிட்டிருக்கே"ங்கறான். எனக்கு ஒண்ணும் விளங்கலை.

அப்புறம் சொல்றான். போன ஏப்ரல் முதல் வாரமே வேலை போயிருச்சாம். டீமையே எடுத்துட்டாங்களாம். அக்கவுண்ட்ல காசு இல்லாம அந்த ஏற்பாடு தானா நின்னுருச்சாம். அம்மாகிட்ட எப்படிச் சொல்றதுன்னு தவிச்சிட்டு இருந்தானாம். அப்ப என் மெசேஜ் போயிருக்குது. உன் பணம் வந்திருச்சு சாமி, கவலைப்படாதே. "நான் அனுப்பாத பணம் எப்படிம்மா வரும்? உனக்குத் தெரிஞ்சிருச்சு, என்னைச் சங்கடப்படுத்தாம உன் பென்ஷன்ல கட்டறேன்னு புரிஞ்சுக்கிட்டேன். பாத்ரூமுக்குள்ள போய் அழுதேம்மா. அந்த மெசேஜ் மட்டும் இல்லைன்னா போன வருஷம் நான் என்ன ஆகியிருப்பேன்னே தெரியாது." இப்ப ஏதோ ஒரு குடோன்ல வேலையாம். பெட்டி அடுக்கறானாம். இன்ஜினியரிங் படிச்ச பையன்.

சும்மா இருந்திருக்கலாம் நான். ஆமாண்டா சாமின்னு சொல்லிட்டு வச்சிருக்கலாம். எனக்குக் கணக்குல பொய் சொல்லி வழக்கமில்லை. "எனக்குத் தெரியாதுடா. ஷீட்ல புள்ளி ஒண்ணுன்னு இருந்துச்சு. அது பத்தாம் நம்பர் பணம்"னு பைல், சைபர், எல்லாத்தையும் விளக்கமாச் சொன்னேன். அவன் கேட்டுக்கிட்டே இருந்தான். கடைசியில, "அப்ப எனக்கு வேலை போனதே உனக்குத் தெரியாதாம்மா?"ன்னான்.

தெரியாதுன்னேன்.

"வாரா வாரம் பேசினோமேம்மா. ஒரு வருஷமா ஒரு தடவை கூட வேலை எப்படிடா போகுதுன்னு நீ கேக்கலை. தெரிஞ்சதாலதான் கேக்காம இருக்கறேன்னு நினைச்சேன்."

நான் என்ன கேக்கலையா? சாப்பிட்டியான்னு கேட்டேன். குளிரான்னு கேட்டேன். இந்த பேங்க்காரன் பண்ற அழும்பை எல்லாம் அவன்கிட்டச் சொல்லாம வேற யாருகிட்டச் சொல்றது? அரை மணி நேரம் பேசினா இருபத்தஞ்சு நிமிஷம் இந்த பைல் கதையாத்தான் இருக்கும், ஒத்துக்கறேன். அவனும் ம், ம்னு கேட்டுட்டுத்தானே இருந்தான். குரலு சோர்ந்த மாதிரி இருந்துச்சுன்னு ஒரு தடவை தோணுச்சு. அன்னைக்குத்தான் தேதி எல்லாம் மாறி வந்து உசுரை வாங்கிட்டிருந்துச்சு. அப்புறம் கேட்டுக்கலாம்னு விட்டுட்டேன்.

மரகதமணி சொன்னதையும் அவன்கிட்டச் சொன்னேன். அவன் ஒரு நிமிஷம் கூட யோசிக்கலை. "எழுதும்மா. அவங்க பேரை எப்படி எழுதினியோ அப்படியே எழுது. எண் ஒண்ணு, நந்தகோபன், பதினோரு மாசம். குரூப்புல நானும் இருக்கேன், பார்க்கறேன்"னான். கோபமாக் கூடச் சொல்லலைங்க. கோபமாச் சொல்லியிருந்தா நான் பதிலுக்கு ரெண்டு திட்டியிருப்பேன்.

அடுத்த நாள் காலையில மார்க்கரை எடுத்துட்டுப் போய் போர்டு முன்னாடி நின்னேன். இன்னும் அழிக்காம கிடந்த மரகதமணி பேரை அழிச்சேன். "எண் 1"னு எழுதினேன். எத்தனை ஆயிரம் பேரு பேரைப் பாக்கின்னு எழுதின கையுங்க இது. என்ர பையன் பேர்ல முதல் எழுத்துக்கு மேல போக மாட்டேங்குது. லிஃப்ட்டுல யாரோ வர்ற சத்தம் கேட்டுச்சு, அவசரமாத் துடைச்சிட்டு வந்துட்டேன். அன்னைக்குத்தான் இந்த லெட்டரை டைப் பண்ணினேன். இதுல மேனேஜர் கையெழுத்துப் போட்டுட்டா அவன் பேரை நான் எழுத வேண்டியதில்லை பாருங்க. அதுக்குத்தான் மூணு நாளா இங்கே வந்து உட்கார்ந்திருக்கறேன்.

போட மாட்டாரு. எனக்கே தெரியும்.